செஸ்டர் பிஷப் ஜான் வில்கின்ஸ்: 17-ஆம் நூற்றாண்டில் ஒருவர் எப்படி பிஷப் ஆனார், ஆன பின் என்ன செய்தார்

1668 ஆகஸ்டில், வட இங்கிலாந்தின் விகன் ஊரில், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் ஹால் தன் தோட்டத்து மேட்டிலிருந்து தவறி விழுந்தார். பையில் மடக்காமல் வைத்திருந்த கத்தி அவரைக் குத்திவிட்டது. அந்தக் காயத்தாலேயே 23-ஆம் தேதி இறந்துபோனார். செஸ்டர் பிஷப்பின் இருக்கை காலியானது. மூன்று மாதத்துக்குள் அதில் அமர்ந்தவர் ஜான் வில்கின்ஸ்.

அவருடைய பின்னணியைப் பார்த்தால் இந்த நியமனம் நம்பமுடியாததாக இருக்கும். அரசர் முதலாம் சார்லஸை 1649 ஜனவரியில் தலை வெட்டிக் கொன்ற தரப்பின் தலைவர் ஆலிவர் கிராம்வெல். அந்தக் கிராம்வெல்லின் தங்கை ராபினாதான் வில்கின்ஸின் மனைவி. வெட்டுண்ட அரசரின் மகன் இரண்டாம் சார்லஸ்தான் இவரை பிஷப் ஆக்கினார். இது எப்படி நடந்தது என்று விளங்கிவிட்டால், அந்த நூற்றாண்டின் ஆங்கிலிக்கன் சபை எப்படி இயங்கியது என்பதில் பாதி விளங்கிவிடும்.

முதலில் சில சொற்கள். நம்மூர் சபைகளில் ஒரே பதவியைப் பேராயர், அத்தியட்சர், பிஷப் என்று பலவிதமாகச் சொல்கிறோம். குழப்பம் வராமலிருக்க இங்கே பிஷப் என்றே எழுதுகிறேன். பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி திருமண்டலம். அதன் தலைமைக் கோவில் கதீட்ரல். கதீட்ரலை நிர்வகிக்கும் குருமார் குழுவுக்குச் சாப்டர் என்று பெயர், அந்தக் குழுவின் தலைவர் டீன். அதில் பங்கும் வருமானமும் உள்ள குரு பிரபெண்டரி. இங்கிலாந்துத் திருமண்டலங்கள் கான்டர்பரி, யார்க் என்ற இரண்டு ஆர்ச்பிஷப்புகளின் கீழ் இருந்தன. செஸ்டர் யார்க்கைச் சேர்ந்தது. இவர்கள் எல்லாருக்கும் மேலே, சபையின் உச்ச ஆளுநராக, அரசர். இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிஷப் ஒரே சமயத்தில் ஆன்மிகத் தலைவர், பிரபுக்கள் சபை உறுப்பினர், அரசரின் ஆள்.

பிஷப் ஆவதற்குச் சட்டப்படி வேண்டிய தகுதி அதிகமில்லை. டீக்கனாக 23 வயது, குருவானவராக 24, பிஷப்பாக முழு 30. நடைமுறையில் வேண்டியவை மூன்று: ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் பட்டம், கைதூக்கிவிட ஒரு பெரிய மனிதர், சரியான நேரத்தில் அரசரின் கடைக்கண். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எவ்வளவு பக்திமானும் கிராமத்துக் குருவாகவே காலம் தள்ளவேண்டியதுதான்.

வில்கின்ஸ் 1614-இல் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்தார். அப்பா வால்டர் ஆக்ஸ்ஃபோர்டில் பொற்கொல்லர். அம்மாவின் தந்தை ஜான் டாட், அந்தக் காலத்தில் பேர்பெற்ற பியூரிட்டன் போதகர். பியூரிட்டன்கள் என்றால், சபையில் மிஞ்சியிருந்த பழைய சடங்குகளை இன்னும் களையவேண்டும் என்றவர்கள். வெள்ளை அங்கி வேண்டாம், ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் வேண்டாம், திருவிருந்து வாங்க மண்டியிட வேண்டாம் என்பார்கள். இந்த மூன்று வேண்டாம்களையும் நினைவில் வையுங்கள், 1668-இல் மறுபடி வரும். பையன் அந்தத் தாத்தாவின் நிழலில் வளர்ந்தான். ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் ஹாலில் 1631-இல் பி.ஏ., 1634-இல் எம்.ஏ. முடித்தார். பிறகு பிஷப் கையால் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். இந்த விவரம் சிறிதாகத் தெரியும். ஆனால் 24 ஆண்டுகளுக்குப் பிறகு இதுதான் அவரைக் காப்பாற்றப்போகிறது.

குருப்பட்டம் வாங்கினால் வேலை தானாக வராது. ஒவ்வொரு சேகரத்துக்கும், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ச்சபைக்கும், குருவை முன்மொழியும் உரிமை யாரோ ஒருவருக்குச் சொத்தாக இருந்தது. அவர் ஊர் ஜமீன்தாராக இருக்கலாம், கல்லூரியாக இருக்கலாம், அரசராக இருக்கலாம். அந்த உரிமையை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். சேகரத்தின் வருமானம் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று. தானியம் உட்பட மொத்தமும் கிடைத்தால் அவர் ரெக்டர். பெரிய தசமபாகம் வேறு யாருக்கோ போய், கோழி, பழம், காய்கறி போன்ற சிறிய தசமபாகம் மட்டும் கிடைத்தால் அவர் விகார். இரண்டு பேரும் செய்வது ஒரே ஊழியம். ஆனால் ஒருவர் வீட்டில் குதிரை நிற்கும், இன்னொருவர் வீட்டில் கடன் நிற்கும்.

அதனால் கெட்டிக்கார இளம் குருமார் பிரபுக்களின் வீட்டுச் சாப்ளினாகச் சேர்வார்கள். வில்கின்ஸும் அப்படித்தான். சே அண்ட் சீல் பிரபு, பர்க்லி பிரபு, பிறகு அரசரின் அக்கா மகனான ஜெர்மானிய இளவரசர் சார்லஸ் லூயிஸ் என்று மேலே போய்க்கொண்டே இருந்தார். காலையும் மாலையும் வீட்டு ஜெபம் நடத்தினால் போதும், மிச்ச நேரம் சொந்தம். அந்த மிச்ச நேரத்தில் அவர் எழுதியவைதான் வியப்பு. 1638-இல், 24 வயதில், நிலாவும் பூமி போன்ற ஓர் உலகம், அங்கே மலைகள் உண்டு, உயிர்கள் இருக்கவும் கூடும் என்று ஒரு புத்தகம். 1640 பதிப்பில், பூமியின் இழுவிசை சுமார் 20 மைல் உயரம்வரைதான் எட்டும், அதைத் தாண்டிவிட்டால் நிலாவுக்குப் பறந்து போகலாம் என்று சேர்த்தார். கணக்கு தப்பு. இழுவிசை அப்படி ஓர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஆனால் போவதற்கு என்ன தடை என்று அளந்து பார்க்கவேண்டிய கேள்வியாக அதை மாற்றியது பெரிய விஷயம். 1641-இல் ரகசிய எழுத்து முறைகள் பற்றி, 1648-இல் நெம்புகோல், கப்பி முதல் பறக்கும் தேர், நீர்மூழ்கி வரை இயந்திரங்கள் பற்றி என்று தொடர்ந்து எழுதினார்.

இடையில் 1646-இல் பிரசங்கம் தயாரிப்பதற்கு ஒரு கையேடும் வந்தது. வசனத்தை விளக்கு, அது உண்மை என்று நிறுவு, கேட்பவரின் வாழ்க்கைக்குப் பொருத்து. இந்த மூன்று படிதான் அதன் சாரம். லத்தீன் மேற்கோள்களை அடுக்கிச் சொல்லலங்காரம் காட்டுவதே புலமை என்று பலர் பிரசங்கித்த காலத்தில், கேட்பவருக்குப் புரியாத பிரசங்கத்தால் பயனில்லை என்று எழுதினார். அவருடைய நிலாப் புத்தகத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் சபைக்கு அதிகம் உதவியது இந்தக் கையேடுதான்.

இனி 1640-கள். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். 1642-இல் பிஷப்புகள் பிரபுக்கள் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1646 அக்டோபரில் பிஷப் பதவியே ஒழிக்கப்பட்டது. பிஷப் ஆகப்போகும் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில், பிஷப்புகளே இல்லாத 14 ஆண்டுகள் வருகின்றன. அந்தத் தலைமுறைக் குருமார் எல்லாரும் இந்தப் பள்ளத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதை வைத்தே பின்னால் எடைபோடப்பட்டார்கள். சிலர் நாடு கடந்து பிரான்சிலும் ஹாலந்திலும் பட்டினி கிடந்தார்கள். டர்ஹாம் பிஷப்பாகப் பின்னால் வந்த ஜான் காசின் அப்படிப்பட்டவர். சிலர் கிராமங்களில் ஒளிந்திருந்து, சபையின் பழைய ஆராதனை முறை அடங்கிய பொது ஜெப புத்தகத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். வில்கின்ஸ் பாராளுமன்றத் தரப்பில் நின்றார், அவர்கள் கேட்ட உறுதிமொழிகளை எடுத்தார். 1648 ஏப்ரலில், அரசர் ஆதரவாளர்களை வெளியேற்றிய பாராளுமன்றக் குழு அவரை ஆக்ஸ்ஃபோர்டின் வாதம் கல்லூரித் தலைவராக்கியது.

இங்கேதான் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியவருகிறது. கையில் அதிகாரம் இருந்தும் பழிவாங்கவில்லை. தோற்றுப்போன அரசர் தரப்புக் குடும்பங்களே தங்கள் பிள்ளைகளை நம்பி அவரிடம் அனுப்பின. பின்னாளில் பேர்பெற்ற கட்டடக் கலைஞரான கிறிஸ்டோபர் ரென் அப்படி வந்தவர். அவருடைய அப்பா அரசரின் விண்ட்சர் தேவாலயத்து டீன், பெரியப்பா பாராளுமன்றம் சிறையில் போட்டிருந்த பிஷப். சேத் வார்ட் கேம்பிரிட்ஜிலிருந்து அரசர் ஆதரவுக்காகத் துரத்தப்பட்டவர். ராபர்ட் பாயில், வில்லியம் பெட்டி, ஜான் வாலிஸ், ராபர்ட் ஹூக் போன்ற அறிவியல் ஆர்வலர்களும் அவரைச் சுற்றியிருந்த வட்டத்தில் சேர்ந்தார்கள். ஏற்கெனவே 1645 வாக்கில் லண்டனில் கூடிய ஒரு குழுவில் வில்கின்ஸ் இருந்தார். மத விவாதம், அரசியல், ஊர்ச்செய்தி மூன்றுக்கும் அங்கே இடமில்லை, சோதனைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்பது விதி. ஊரெல்லாம் இந்த மூன்றுக்காக வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த விதி எவ்வளவு துணிச்சலானது என்று யோசித்துப் பாருங்கள்.

1654 ஜூலையில் ஜான் ஈவ்லின் என்ற அரசர் ஆதரவாளர் வாதமுக்கு விருந்தாளியாக வந்தார். பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். தோட்டத்தில் கண்ணாடி பதித்த தேனீப் பெட்டிகள், கோட்டைபோலவும் அரண்மனைபோலவும் ஒன்றன்மேல் ஒன்றாக. தேனீக்களைக் கொல்லாமலே தேன் எடுக்கலாம். சாதாரணமாக அன்றைய இங்கிலாந்தில் கூட்டின் அடியில் கந்தகப் புகை போட்டுத் தேனீக்களை அழித்துத்தான் தேன் எடுப்பார்கள். அதைப் பார்த்த ஈவ்லினுக்கு அவ்வளவு சந்தோஷம், ஒரு காலிப் பெட்டியைப் பரிசாகவே வாங்கிப் போனார். இன்னொரு பக்கம் உள்ளே கூடாக ஒரு சிலை. அதன் வாயிலிருந்து நீண்ட குழாய் ஒன்று மறைவாகப் போகிறது. தூரத்தில் ஒருவர் பேசினால் சிலை பேசும். மேலே அறைகளில் நிழல்கடிகாரங்கள், வெப்பமானி, பெரிய காந்தம், தூரம் அளக்கும் சக்கரம். பலவும் வில்கின்ஸும் இளைஞர் ரென்னும் செய்தவை.

கல்லூரி விதிப்படி வாதம் தலைவர் திருமணம் செய்யக்கூடாது. வில்கின்ஸ் 1652-இல் விலக்கு வாங்கினார், 1656-இல் விதவையான ராபினாவை மணந்தார். நாட்டை ஆள்பவரின் தங்கை என்பதால் அது கல்லூரிக்கும் கவசம்தான். பல்கலைக்கழகத்தின் மேல் தீவிரவாதிகள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ள அந்த உறவு உதவியது. 1659-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தலைமை கிடைத்தது. கொடுத்தவர் ஆலிவரின் மகன் ரிச்சர்டு. அடுத்த ஆண்டே இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். டிரினிட்டியின் ஆசிரியர்கள் இவரே இருக்கட்டும் என்று மனுப் போட்டும் பயனில்லை. ஹென்றி ஃபெர்ன் அந்த இடத்துக்கு வந்தார்.

இந்த மாதிரி விழுந்தவர்கள் பெரும்பாலும் எழுந்ததில்லை. 1662-இல் ஒருமைப்பாட்டுச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 24-க்குள் ஒவ்வொரு குருவும் பொது ஜெப புத்தகத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும், பழைய பாராளுமன்ற உறுதிமொழியை மறுக்க வேண்டும். பிஷப் கையால் பட்டம் பெறாதவராக இருந்தால் மறுபடி பட்டம் பெற வேண்டும். 1660 முதல் 1662 வரை சுமார் 2,000 பேர் வேலையிழந்தார்கள். பலருக்குத் தொண்டையில் சிக்கியது மறுபட்டம்தான். அப்படியானால் இத்தனை வருஷம் நான் கொடுத்த திருவிருந்தெல்லாம் பொய்யா என்பது அவர்கள் கேள்வி. வில்கின்ஸுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அவர் பிஷப்புகள் ஒழிவதற்கு முன்பே முறைப்படி பட்டம் பெற்றவர். சட்டத்துக்கு இணங்கினார், படிப்படியாக ஏறினார். யார்க்கில் பிரபெண்டரி, லண்டன் கிரேஸ் இன்னில் வழக்கறிஞர்களுக்குப் பிரசங்கி, 1662-இல் லண்டன் புனித லாரன்ஸ் ஜூரி ஆலயத்தின் விகார், 1663-இல் ரிப்பன் ஆலயத்து டீன்.

காலத்துக்கு ஏற்றபடி சாய்கிற மனிதர் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுக்கொன்று முரணான உறுதிமொழிகளை அவர் எடுத்தது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆட்சியிலும் அவர் செய்த வேலையை வரிசையாக வைத்துப் பாருங்கள். தோற்றவர்களுக்கு இடம் கொடுத்தார். கிராம்வெல் காலத்தில் தோற்றவர்கள் அரசர் ஆட்கள், சார்லஸ் காலத்தில் பியூரிட்டன்கள். கொடி மாறியது, அவர் நடத்தை மாறவில்லை.

1660 நவம்பர் 28 அன்று, கிரெஷாம் கல்லூரியில் ரென்னின் சொற்பொழிவு முடிந்ததும் 12 பேர் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். இயற்கையைச் சோதனையால் அறிய ஒரு சங்கம் தொடங்குவது என்று முடிவானது. சேர்கிறவர் 10 ஷில்லிங், பிறகு வாரம் 1 ஷில்லிங். அன்று தலைமை தாங்கியவர் வில்கின்ஸ். அதுதான் ராயல் சொசைட்டி. அரசரின் சாசனம் வந்ததும் ஹென்றி ஓல்டன்பர்க்கும் இவரும் செயலாளர்கள் ஆனார்கள்.

1666 செப்டம்பர் 2 முதல் 6 வரை லண்டன் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 சேகர ஆலயங்களும் போயின. புனித லாரன்ஸ் ஜூரியும் குருவின் வீடும் அதில் அடக்கம். வில்கின்ஸின் நூலகம், கருவிகள், பல வருஷம் எழுதி அச்சில் இருந்த பெரிய புத்தகத்தின் தாள்கள், கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதி எல்லாம் சாம்பல். அதை மறுபடி உட்கார்ந்து எழுதினார்.

இப்போது 1668-க்குத் திரும்புவோம். பிஷப் இறந்தால் என்ன நடக்கும்? இதில் ஒரு படி தப்பினாலும் அடுத்த படி செல்லாது.

முதலில் கதீட்ரல் சாப்டர் அரசருக்கு இடம் காலி என்று தெரிவிக்கும். அரசரிடமிருந்து இரண்டு தாள் வரும். ஒன்று, தேர்தல் நடத்த அனுமதி. மற்றது, யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெயர் எழுதிய கடிதம். இது 1534-ஆம் ஆண்டுச் சட்டம். சாப்டர் 12 நாளுக்குள் அந்தப் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் கடத்தினால் அரசர் நேரடியாக நியமித்துவிடுவார். மறுத்தால் டீனும் பிரபெண்டரிகளும் சொத்தையும் விடுதலையையும் இழக்கலாம். ஆகவே சாப்டர் வாக்களிப்பது என்பது ஒப்புதல் மட்டும். உண்மையான போட்டி அதற்கு முன்பே, அரசரின் காதருகில் நடந்து முடிந்திருக்கும். வில்கின்ஸுக்காக அங்கே பேசியவர் பக்கிங்ஹாம் பிரபு. கான்டர்பரி ஆர்ச்பிஷப் கில்பர்ட் ஷெல்டனுக்கு இந்த நியமனம் பிடிக்கவில்லை. ஆனால் அரசர் பெயர் எழுதிவிட்டால் ஆர்ச்பிஷப்பும் தடுக்க முடியாது.

அடுத்து, தேர்தல் முறையாக நடந்ததா என்று ஆர்ச்பிஷப்பின் அதிகாரி சரிபார்த்து உறுதி செய்வார். அந்த நிமிடத்தில் திருமண்டலத்தின் ஆன்மிக ஆளுகை புதியவரிடம் வரும். ஆனால் குருப்பட்டம் கொடுக்கவோ, ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சபையில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் செய்யவோ முடியாது. அதற்கு அபிஷேகம் வேண்டும், அபிஷேகத்துக்குக் குறைந்தது மூன்று பிஷப்புகள் கைவைக்க வேண்டும். வில்கின்ஸின் அபிஷேகம் 1668 நவம்பரில் லண்டன் ஈலி மாளிகைச் சிற்றாலயத்தில் நடந்தது. கைவைத்தவர்களில் காசினும் இருந்தார், வாதமில் இடம்பெற்ற பழைய நண்பர் சேத் வார்டும் இருந்தார், இப்போது அவர் சால்ஸ்பரி பிஷப். பிரசங்கம் செய்தவர் ராபினாவின் மகளை மணந்த ஜான் டில்லட்சன். பின்னாளில் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனவர். ஈவ்லினும் விருந்துக்கு வந்திருந்தார்.

அபிஷேகத்தோடும் முடியவில்லை. புது பிஷப் அரசர் முன் மண்டியிட்டு விசுவாசம் சொன்ன பிறகுதான் திருமண்டலத்தின் நிலங்களும் வாடகைகளும் கைக்கு வரும். இடம் காலியாக இருந்த நாட்களின் வருமானம் அரசருக்கே. பிறகு முதற்பலன் என்ற பெயரில் ஒரு வருஷ வருமானத்துக்கு நிகரான தொகையைக் கருவூலத்துக்குக் கட்டவேண்டும், அதன் மேல் வருஷா வருஷம் பத்தில் ஒன்று. கணக்கிட்டது எட்டாம் ஹென்றி காலத்து மதிப்பை வைத்துத்தான், ஆனாலும் கையில் பணமில்லாதவர் கடனோடுதான் பதவியைத் தொடங்குவார்.

செஸ்டரில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. எட்டாம் ஹென்றி 1541-இல் உருவாக்கிய திருமண்டலம் அது. செஷயர், லங்காஷயர் முழுவதும், வடக்கே யார்க்ஷயர், வெஸ்ட்மர்லாந்து, கம்பர்லாந்தின் பகுதிகளும் சேர்ந்தது. பரப்பில் மிகப் பெரியது, வருமானத்திலோ ஏழை. அதைச் சரிக்கட்ட பிஷப்புகள் விகன் ரெக்டர் பதவியையும் கூடவே வைத்துக்கொள்வார்கள். ஹால் விகன் தோட்டத்தில் விழுந்ததும் அதனால்தான். வில்கின்ஸும் விகனின் ரெக்டர் ஆனார். ஒரு குரு ஊரில் இல்லாமல் பல சேகர வருமானத்தை அனுபவிப்பதை நாம் குறை சொல்லலாம். ஆனால் சில பிஷப் பதவிகளை அப்படிச் செய்யாமல் தாக்குப்பிடிக்க முடிந்திருக்காது.

அன்றாட வேலை என்ன? குருப்பட்டம் கொடுப்பது, பிள்ளைகளைத் திடப்படுத்துவது, புரவலர் முன்மொழியும் குருவைச் சோதித்துச் சேகரத்தில் அமர்த்துவது. பள்ளி ஆசிரியருக்கும் மருத்துவச்சிக்கும்கூட உரிமம் பிஷப் அலுவலகத்திலிருந்துதான். உயில்களும் திருமணத் தகராறுகளும் பிஷப்பின் நீதிமன்றத்துக்கு வரும். இவற்றோடு சில ஆண்டுக்கொருமுறை திருமண்டலம் முழுவதும் விசாரணைச் சுற்றுப்பயணம். முன்கூட்டியே அச்சடித்த கேள்வித்தாள் ஒவ்வோர் ஆலயப் பாதுகாவலருக்கும் போகும். கூரை ஒழுகுகிறதா, பைபிளும் ஜெப புத்தகமும் கிழியாமல் இருக்கின்றனவா, திருவிருந்துக் கிண்ணம் உண்டா, குரு வெள்ளை அங்கி போடுகிறாரா, ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் யார். இங்கே வழக்கமாகத் தப்புவது எது என்றால் பதில்கள்தான். பாதுகாவலர் அதே ஊர்க்காரர், பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார். கடுமையான பிஷப் கிடுக்கிப்பிடி போடுவார், மென்மையானவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வார்.

வில்கின்ஸ் மென்மையானவர், வேண்டுமென்றே. 1662-இல் வெளியேற்றப்பட்டவர்களைச் சபைக்குள் திரும்பக் கொண்டுவருவதுதான் அவர் முழுமூச்சாகச் செய்த வேலை. பிஷப் ஆகும் முன்பே, 1668 தொடக்கத்தில், ரிச்சர்டு பாக்ஸ்டர் முதலிய பியூரிட்டன் தலைவர்களோடு உட்கார்ந்து ஒரு திட்டம் வகுத்தார். அங்கி, சிலுவை அடையாளம், மண்டியிடுதல் மூன்றும் விருப்பத்துக்கு விடப்படும். மறுபட்டச் சிக்கலுக்கு, இங்கிலாந்துச் சபையில் ஊழியம் செய்யச் சட்ட அதிகாரம் தருகிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம். பழைய பட்டம் பொய் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. நுட்பமான தீர்வு. ஆனால் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை அப்படிப்பட்ட மசோதாவை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. போர்க்காலத்துக் காயம் ஆறாதவர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள்.

காசினுக்கும் வில்கின்ஸுக்கும் இதைப் பற்றி நடந்ததாக ஓர் உரையாடல் சொல்லப்படுகிறது. விஷயம் பம்பரம். நீங்கள் சபையை ஆணிமுனையில் நிறுத்தப் பார்க்கிறீர்கள், சாட்டையால் அடித்துக்கொண்டே இருக்கும்வரைதான் நிற்கும். நான் அகன்ற பக்கத்தைக் கீழே வைக்கிறேன், அது தானாக நிற்கும் என்றாராம் வில்கின்ஸ். அந்த ஊர்ப் பம்பரம் கயிறு சுற்றி விடும் நம்மூர்ப் பம்பரம்போல் அல்ல. தரையில் சுழலும்போதே சாட்டையால் ஓயாமல் அடித்துச் சுழற்றவேண்டியது. கை ஓய்ந்தால் விழும். தண்டனைச் சட்டங்களை நம்பும் சபைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

அந்தச் சாட்டை 1670-இல் நிஜமாகவே வந்தது. குடும்பத்தார் நீங்கலாக, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேறு முறையில் ஆராதனைக்குக் கூடினால், 16 வயது நிரம்பியவர்களுக்கு முதல்முறை ஆளுக்கு 5 ஷில்லிங், அடுத்தமுறை 10. பிரசங்கிக்கு முதல்முறை 20 பவுண்டு, அடுத்து 40. வசூலில் மூன்றில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும். பிரபுக்கள் சபையில் வில்கின்ஸ் இதை எதிர்த்துப் பேசினார். பேசாமலிருக்கும்படி அரசரே தனியாகக் கேட்டும், ஆங்கிலேயனாகவும் பிஷப்பாகவும் மனச்சாட்சிப்படி பேச எனக்குக் கடமை உண்டு என்று எழுந்தார். பதவி கொடுத்தவரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவரைக் காலத்துக்குச் சாய்ந்தவர் என்று ஒரேயடியாக எழுதுவது நியாயமில்லை. மசோதா நிறைவேறிவிட்டது. செஸ்டரில் அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். சட்ட வாசகங்களை இளக்கமாகப் பொருள்கொண்டு, வெளியேற்றப்பட்ட குருமார் பலரை மறுபடி ஊழியத்தில் சேர்த்தார்.

தீயில் எரிந்து மறுபடி எழுதிய அந்தப் புத்தகம் 1668-இல் ராயல் சொசைட்டியின் பெயரில் வெளியானது. நாடுகளுக்குள் சண்டை, சபைக்குள் சண்டை, பாதிக்குக் காரணம் சொற்களின் குழப்பம் என்று அவர் நம்பினார். பொருளே தெரியும்படி ஒரு மொழியைக் கட்டமைத்தார். உலகிலுள்ள எல்லாவற்றையும் 40 பெருவகைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பெருவகைக்கும் இரண்டெழுத்து, உட்பிரிவுக்கு ஒரு மெய், அதன் கீழ் இனத்துக்கு ஓர் உயிர். ‘டெ’ என்றால் பூதம். ‘டெப்’ என்றால் பூதங்களில் முதலாவது, நெருப்பு. ‘டெபா’ என்றால் நெருப்பின் ஒரு பகுதி, சுடர். சொல்லைக் கேட்டாலே பொருளின் முகவரி தெரிந்துவிடும்.

எங்கே இடித்தது? செடிகளுக்கான அட்டவணையைத் தயாரித்தவர் ஜான் ரே, அன்றைய தலைசிறந்த தாவரவியலாளர். ஒவ்வொரு பெருவகைக்கும் இத்தனை பிரிவு என்று முன்பே எண்ணிக்கை வகுத்துவிட்டு அதற்குள் செடிகளை அடைக்கச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சமும் திருப்தியில்லை. இயற்கை அப்படி எண்ணி முளைப்பதில்லை. இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். ஒரே எழுத்து மாறினால் துலிப் மலர் பார்லியாகிவிடும், சாதாரண மொழியில் எழுத்துப்பிழை என்று கண்டுபிடித்துவிடலாம், இங்கே பிழையும் சரியான சொல்லாகவே இருக்கும். அச்சான புத்தகத்திலேயே அந்தத் தவறு நேர்ந்திருக்கிறது.

அதே புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சிறிய யோசனை இருக்கிறது, அதுதான் பிழைத்தது. நாட்டுக்கு நாடு முழமும் அடியும் மாறுகின்றன, எல்லாருக்கும் பொதுவான அளவை இயற்கையிலிருந்து எடுப்போம் என்றார். கனமான ஒரு சிறிய உருண்டையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு விநாடி ஆகும்வரை நூலைக் கூட்டிக் குறையுங்கள். அந்த நீளத்தை அடிப்படையாக வைத்துப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். அந்த நீளத்தில் ஒரு கனசதுரம் கொள்ளளவு, அதில் நிறைந்த மழைநீர் எடைக்கு அளவு. நீளம் 39¼ ஆங்கில அங்குலம் என்று குறித்தார். இன்றைய கணக்கில் 99.7 சென்டிமீட்டர். மீட்டர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, ஒரு பிஷப் கணித்த மீட்டர். ஊசல் வேகம் பூமியில் இடத்துக்கு இடம் சற்று மாறும் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

1672 நவம்பரில் லண்டனில் டில்லட்சன் வீட்டில் தங்கியிருந்தபோது அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. சிறுநீரகக் கல் என்று முடிவு செய்தார்கள். பழுக்கக் காய்ச்சிய நான்கு சிப்பி ஓடுகளை ஒரு குவார்ட் ஆப்பிள் மதுவில் போட்டுக் குடிக்கக் கொடுப்பது, எரிவண்டுப் பொடியால் கொப்புளம் எழுப்புவது என்று பேசப்பட்ட வைத்தியங்களை ஹூக் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் தேதி இறந்தார், வயது 58. உடலைத் திறந்து பார்த்தபோது ஒரு சிறுநீரகத்தில் இரண்டு சிறிய கற்கள், குழாயில் கொஞ்சம் மணல், வழியை அடைக்கும் அளவுக்கு எதுவுமில்லை. அபினும் மற்ற மருந்துகளுமே கொன்றிருக்க வேண்டும் என்று நண்பர்கள் நினைத்தார்கள்.

ராயல் சொசைட்டிக்கு 400 பவுண்டும் வாதம் கல்லூரிக்கு 200 பவுண்டும் எழுதி வைத்திருந்தார். புனித லாரன்ஸ் ஜூரியில் அடக்கம் செய்தார்கள். தீயில் போன அந்த ஆலயத்தை அப்போது மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தவர், வாதமில் அவர் வளர்த்த கிறிஸ்டோபர் ரென். செஸ்டரில் சாப்டர் மறுபடி அரசருக்கு எழுதியது, இரண்டு தாளும் மறுபடி வந்தன. இந்த முறை பெயர் ஜான் பியர்சன், அவரும் டிரினிட்டி கல்லூரித் தலைவர்.